ஒரே பெயரில் இரண்டு பிள்ளைகள்

இரண்டு வருஷம் ஒரு விடுதியில் நான் என் அண்ணன் பெயரில் இருந்தேன். காலையில் வரிசையில் நிற்கவைத்துப் பெயர் கூப்பிடுவார்கள். அண்ணன் பெயர் வரும். அது நான்தான் என்று நினைவு வர எனக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதற்குள் பக்கத்தில் நிற்கிறவன் முழங்கையால் இடிப்பான். 'செவுட்டு மலையான்' என்று எனக்குப் பட்டப்பெயர் விழுந்தது அதனால்தான். காது எனக்கு நன்றாகவே கேட்கும். இந்த வயதிலும் வெள்ளிமலைக்கு வருகிற பஸ் கீழே வளைவில் கியர் மாற்றினால் வீட்டிலிருந்தே எனக்குத் தெரியும். ஓட்டுகிறவன் புதுசா பழசா என்றுகூடச் சொல்லிவிடுவேன்.

இது எப்படி நேர்ந்தது என்று சொன்னால் மலைக்குக் கீழே இருக்கிறவர்கள் சிரிக்கிறார்கள். என் வழக்கைப் பார்க்கிற வக்கீலம்மாகூட முதலில் சிரித்தார். பிறகுதான் பேனாவைக் கீழே வைத்தார்.

எங்கள் ஊரில் மாத்தாள் என்று ஓர் ஏற்பாடு உண்டு. இன்றைக்கு உன் காட்டில் களை எடுக்க என் வீட்டிலிருந்து ஓர் ஆள் வந்தால், நாளைக்கு என் காட்டுக்கு உன் வீட்டிலிருந்து ஓர் ஆள் வரவேண்டும். யார் வருகிறார் என்பது பேச்சே இல்லை. அப்பன் செய்த வேலைக்கு மகன் வருவான். அக்காள் வந்த வேலைக்குத் தங்கச்சி வருவாள். வீட்டில் எல்லாரும் காய்ச்சலில் கிடந்தால் மச்சானைக் கெஞ்சி அனுப்பலாம். கொடுக்கல் வாங்கல் வீட்டுக்கும் வீட்டுக்கும்தான். ஆளுக்கும் ஆளுக்கும் இல்லை.

மலையை விட்டு இறங்கி அரை நாள் நடந்தால் ஒரு சபை நடத்திய விடுதி இருந்தது. வெளிநாட்டுச் சபை. மூன்று வேளைச் சோறு, ஒரு கால்சட்டை, எழுத்து. வீட்டுக்கு ஒரு பிள்ளையை அனுப்புங்கள் என்று ஆள் விட்டுச் சொன்னார்கள். நாங்கள் கும்பிடுகிற சாமி வேறு. அதை அவர்களும் கேட்கவில்லை, அப்பாவும் பெரிதாக நினைக்கவில்லை. அந்த வருஷம் சாமை விளையவில்லை. மரவள்ளியை எலி தின்றது போக மிச்சம் நாங்கள் தின்றோம். அண்ணன் விடுதிக்குப் போனான். அவனுக்குப் பத்து வயது இருக்கலாம், எனக்கு எட்டு. வயதெல்லாம் அவர்கள் போட்டதுதான். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள். எட்டியதைப் பார்த்து ஒரு வயதை எழுதிக்கொள்வார்கள்.

மழைக்கு முன்னால் போனவன் அறுப்புக்கு முன்னால் திரும்பி வந்துவிட்டான். ஒரு நாள் விடியலில் ஆடு அவிழ்க்கப் போன அப்பா, பட்டிக்குள் ஆடுகளுக்கு நடுவே அவன் சுருண்டு கிடப்பதைப் பார்த்தார்.

"இன்னாடா, அடிச்சாங்களா?"

"இல்ல."

"சோறு போடலியா?"

"போட்டாங்க."

"அப்புறம் இன்னாத்துக்கு ஓடியாந்த?"

"நா போவல."

எத்தனை முறை கேட்டாலும் அந்த ஒரு சொல்தான். அப்பா அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்கத் தெரியவில்லை என்று இப்போது தோன்றுகிறது. சோறும் இருந்து அடியும் இல்லாத இடத்திலிருந்து ஒரு பிள்ளை ஓடிவர என்ன காரணம் இருக்கும்? அவருக்குத் தெரிந்த கெட்டதெல்லாம் அந்த இரண்டு கேள்வியோடு தீர்ந்துபோனது.

இரண்டு நாள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் அம்மாவிடம் சொன்னார்: "வூட்டுக்கு ஒரு எடம் குடுத்துக்கீறாங்க. அத வுட்ற முடியுமா? பெரியவன் வரலன்னா சின்னவன் போறான்."

ஓடை வரைக்கும் அண்ணன் எங்களோடு வந்தான். அப்பா தண்ணீர் குடிக்கக் குனிந்தபோது என் காதுக்குக் கிட்டே வந்தான்.

"ரூமுக்குக் கூப்பிட்டா வவுத்து வலின்னு சொல்லு. அழுதுகினே சொல்லு."

ஏதோ வேலை வாங்குவார்கள் போலிருக்கிறது, அதிலிருந்து தப்பிக்க வழி சொல்கிறான் என்று நினைத்தேன். தலையாட்டினேன். அவன் அங்கேயே நின்றுவிட்டான். நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன், அவன் போகவில்லை.

விடுதியில் கணக்குப்பிள்ளை என்னைப் பார்த்தார். "வந்துட்டியாடா ஓட்டக்காரா? கால் வலிக்கலியா?" என்றார். நோட்டில் அண்ணன் பெயருக்கு நேரே எதையோ அடித்துவிட்டுத் திருத்தினார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் பொய் சொல்லவில்லை. மாத்தாள் அனுப்பினார், அவ்வளவுதான். அண்ணனைவிட நான் ஒரு சாண் குள்ளம். அவனுக்கு நெற்றியில் அரிவாள் பட்ட தழும்பு உண்டு, எனக்கு இல்லை. ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. மலைப் பிள்ளைகள் எல்லாருக்கும் அவர்கள் கண்ணுக்கு ஒரே முகம்.

அந்த விடுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு பாதர். அவருடைய அறையில் நடந்ததை எழுதச் சொல்லி அறுபது வருஷம் கழித்து ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் எழுதியிருக்கிறேன். இங்கே எழுத மாட்டேன். படிக்கிறவர்கள் மனசு கஷ்டப்படும் என்பதற்காக இல்லை. கேட்டபோதெல்லாம் சொல்வதற்கு அது கதை இல்லை. இவ்வளவு மட்டும் சொல்கிறேன்: வயிற்று வலி இரண்டு தடவை பலித்தது. மூன்றாம் தடவை, அதற்கும் மருந்து என்னிடம் இருக்கிறது என்று சொல்லிக் கூட்டிப்போனார்.

இரண்டு வருஷம் முடிந்து பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தவன், திரும்பிப் போக வேண்டிய அன்றைக்குப் புளியமரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அப்பா கீழே நின்று கத்தினார், கல் எடுத்தார், கெஞ்சினார். பொழுது சாய்கிற நேரத்துக்கு அண்ணன் வந்தான். மரத்தடியில் குந்திக்கொண்டான். அப்பா அவனைப் பார்த்தார், மேலே என்னைப் பார்த்தார், கல்லைக் கீழே போட்டுவிட்டுப் போய்விட்டார். அதோடு எங்கள் வீட்டு இடம் விடுதியில் போயிற்று. நான் எழுதுகிற இந்த எழுத்து அங்கே கற்றதுதான். அதற்கு மேல் பள்ளிக்கூடம் எனக்கு இல்லை.

பிறகு என் காலம் எல்லாரையும் போலப் போனது. மரவள்ளி பிடுங்கினேன், கடுக்காய் பொறுக்கினேன், கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போனேன். கல்யாணம் செய்தேன். மூடிய கதவுக்குள் எனக்குத் தூக்கம் வராது. என் வீட்டுக்காரி முதல் வருஷம் பேய் என்றாள், நான் வேர்க்கிறது என்றேன், பிறகு பழகிவிட்டாள். அண்ணன் குடித்தான். நிறையக் குடித்தான். ஐம்பதைத் தாண்டுவதற்குள் போய்விட்டான். ஒரே ஊரில் நாற்பது வருஷம் இருந்தும் ஓடையில் சொன்ன அந்த வார்த்தையைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், கறிவேப்பிலை நிறத்தில் சட்டை போட்ட ஒருவர் பஸ்ஸை விட்டு இறங்கி, ஊரில் ஒவ்வொரு வீடாக விசாரித்துக்கொண்டு வந்தார். அவர் கேட்டது என் அண்ணன் பெயரை. அவன் செத்து இருபது வருஷம் ஆகிறது என்று யாரோ சொல்ல, அங்கேயே கல்லில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். கூட்டம் என்னவென்று பார்க்க நான் போனேன். நிமிர்ந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"டேய்! நீ செத்துட்டன்னாங்களேடா!"

"யாரு சார் நீங்க?"

"சாரா? செவுட்டு மலையான், என்னத் தெரியல உனக்கு? பக்கத்துப் பாய்டா!"

விடுதியில் என் பக்கத்துப் பாயில் படுத்தவன். முழங்கையால் இடிக்கிறவன். ரிஷிவந்தியத்துப் பக்கம் ஒரு ஊர்க்காரன். படித்து வாத்தியார் ஆகி ஓய்வும் பெற்றுவிட்டான். வீட்டுக்குக் கூட்டிப்போனேன். என் அண்ணன் பெயரைச் சொல்லியே பேசிக்கொண்டிருந்தான். மூன்றாவது தடவை சொல்லும்போது என் வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாய்யா, இவுரு உங்கண்ணன் பேரச் சொல்லிக்கினே கீறாரு. நீயும் ஊம் கொட்டிக்கினு கீற?"

அப்புறம்தான் சொன்னேன். அந்தப் பெயர் அண்ணனுடையது. அவன் ஓடிவந்துவிட்டான். அவன் இடத்துக்கு நான் வந்தேன். வாத்தியார் சிரிக்க ஆரம்பித்தான்.

"அறுவது வருஷமா உன் பேர்னு நெனச்சு... இரு, அப்ப மொதல்ல வந்தவன் நீ இல்லியா? நெத்தியில தழும்பு இருக்குமே?"

"அவந்தான் எங்கண்ணன்."

"நீ திரும்பி வந்தப்ப தழும்பக் காணோம்டா. பாதர் மருந்து போட்டு மறைச்சிட்டாருன்னு நெனச்சேன். ஆளும் கொஞ்சம் சுருங்கிட்டான்னு..."

சிரித்துக்கொண்டிருந்தவன் சட்டென்று நிறுத்தினான். டம்ளரைக் கீழே வைத்தான்.

"அப்ப அவன் வேற. நீ வேற."

"ஆமா."

"பாதர் அவனையும் ரூமுக்குக் கூப்பிடுவாருடா. வாரத்துக்கு ஒரு தடவையாவது. நா பாத்துக்கீறேன். நா ரெண்டையும் ஒரே பையன்னு நெனச்சுக்கினு இருந்தேன்."

எனக்கு அப்போதுதான் உள்ளே இறங்கியது. வயிற்று வலி என்று சொல்லச் சொன்னவனுக்கு அது எப்படித் தெரியும் என்று அறுபது வருஷமாக நான் ஒரு தடவைகூட யோசித்ததில்லை. தெரியாமல் யோசிக்கவில்லையா, தெரிந்து யோசிக்கவில்லையா, அதையும் என்னால் சொல்ல முடியாது.

வாத்தியார் வந்த காரியம் இது. அந்தச் சபையின் சொந்த நாட்டில், அவர்களுடைய விடுதிகளில் இப்படிக் கெடுக்கப்பட்ட பிள்ளைகள் பெரியவர்களாகிக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். சபை பணிந்து, எல்லா நாட்டு விடுதிப் பிள்ளைகளுக்கும் இழப்பீடு தருவதாகச் சொல்லியிருக்கிறது. படிவம் போட வேண்டும், சாட்சி வேண்டும், விசாரிக்க மூன்று பேர் வருவார்கள். வாத்தியார் போட்டுவிட்டான். எனக்கும் போடச் சொல்ல வந்திருக்கிறான். அவனுக்கும் நடந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். இரண்டு கிழவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கோழியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அவன் போன பிறகு என் வீட்டுக்காரி வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"இத்தினி வருஷம் இன்னாத்துக்குச் சொல்லல?"

"நீ கேக்கல."

"கேக்கறதுக்கு எனக்கு இன்னா தெரியும்? கதவ ஏன் மூடமாட்டேங்கறன்னு கேட்டனே, வேர்க்குதுன்ன!" என்று சொல்லிக் கையிலிருந்த கரண்டியால் என் தோளில் ஒன்று போட்டாள். பிறகு அந்தத் தோளையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கள்ளக்குறிச்சியில் ஒரு வக்கீலம்மா இந்த வழக்குகளைக் காசு வாங்காமல் பார்க்கிறார். அவர் நோட்டு நகலை வரவழைத்தார். என் பெயர் எங்கும் இல்லை. அண்ணன் பெயர் இருக்கிறது. நடுவில் 'ஓட்டம்' என்று எழுதி அடித்திருக்கிறது.

"தாத்தா, இது பெரிய விஷயம் இல்ல. இன்னார் என்கிற இன்னார்னு ஒரு உறுதிமொழி போட்டுடலாம். அந்தப் பேர்ல நீங்க இருந்தது உண்மைதானே?"

"உண்மதாம்மா. ஆனா அந்தப் பேர்ல அவனும் இருந்தான்."

"அவரு இல்லியே இப்ப."

"இல்ல. இருந்தான்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். அவருக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் எச்சரித்தார்: "இறந்தவங்களுக்கு அவங்க விதியில இடம் இல்ல தாத்தா. உங்களோடதும் சேந்து கெட்டுப்போவும்."

அண்ணியிடம் கேட்காமல் எதுவும் செய்யக்கூடாது என்று மேலே வந்தேன். அண்ணி புளி தட்டிக்கொண்டிருந்தாள். சொல்லி முடிக்கும் வரை கை நிற்கவில்லை.

"செத்தவன இன்னாத்துக்கு எழுப்பற? குடிகாரன்னு பேரு வாங்கிக்கினு போயிட்டான். இப்ப இந்தப் பேரும் வேணுமா அவனுக்கு?"

"அவன் பேருல என் கையெழுத்து கேக்கறாங்க அண்ணி. போட்டா அவன் அங்க இல்லவே இல்லன்னு ஆயிடும்."

புளியங்கொட்டைகளை ஒதுக்கினாள். பிறகு சொன்னாள்: "எம்புள்ளைங்கள ஆஸ்டல்ல சேக்கச் சொல்லி சர்க்கார் வாத்தியாரு வந்தாரு. கட்டையத் தூக்கினு அடிக்கப் போனாரு உங்கண்ணன். தெனம் ரெண்டு மலை ஏறி எறங்கி அவரே இட்டும்போயி இட்டாந்தாரு. குடிச்சிட்டுப் போவாரு, ஆனா போவாம இருக்கமாட்டாரு. கிறுக்கன்னு நா திட்டுவன்." கட்டைவிரலை முந்தானையில் துடைத்தாள். "எங்க வெக்கணும் கை?"

விசாரணை கள்ளக்குறிச்சியில் ஒரு லாட்ஜின் மாடியில். ஏ.சி. போட்டுக் கதவைச் சாத்தினார்கள். நான் திறக்கச் சொன்னேன். திறந்தே வைத்தார்கள், அதற்கு நன்றி. ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர், ஒரு டாக்டரம்மா, சபையின் நிதியைப் பார்க்கிற இளவயது பாதர் ஒருவர். வாத்தியார் எனக்குச் சாட்சி. வக்கீலம்மா பக்கத்தில்.

நீதிபதி நல்ல மாதிரிதான் பேசினார். "பெரியவரே, உங்கள நாங்க நம்பறோம். ரிஜிஸ்டர்ல பேர் இல்ல, அது ஒண்ணுதான் சிக்கல். இன்னார் என்கிற இன்னார்னு ஒரு கையெழுத்து. முடிஞ்சுது."

பிறகு ஒரு தாளை வக்கீலம்மாவிடம் கொடுத்தார்கள். அதில் வரிசைகள் இருந்தன. மேல் வரிசை, நடு வரிசை, கீழ் வரிசை. வரிசை கீழே போகப்போகப் பணம் குறையும். என்னைக் கீழ் வரிசையில் போட்டிருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். இளவயது பாதர் படித்துக் காட்டினார். கல்வி: இரண்டு வருஷம். தொழில்: கூலி. வைத்தியச் சீட்டு: இல்லை. வருமான இழப்பு: இல்லை.

"இல்லன்னா?"

"அதாவது, இந்தச் சம்பவத்தால நீங்க இழந்த சம்பாத்தியம் எதுவும் இல்ல. சாருக்குப் பதவி உயர்வு போச்சு, டாக்டர் செலவு இருந்துது, காகிதம் இருக்கு. அதனால அவரு மேல் வரிசை."

வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டான். அவன்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. அவன் பட்டது பட்டதுதான். அவனுக்கு இன்னும் கொடுத்தாலும் தகும்.

எங்கள் ஊரில் நான் சின்ன வயதில் பார்த்த ஒரு பஞ்சாயத்து அப்போது நினைவுக்கு வந்தது. ஒருவனுடைய காளை ஒரு தாலியறுத்தவளின் சாமைக் காட்டை மேய்ந்துவிட்டது. அதற்கு முந்தின வாரம்தான் ஊர்க்கவுண்டர் காட்டை மேய்ந்த வேறொரு காளைக்குத் தண்டம் போட்டிருந்தார்கள். இவளுடையது கல் காடு, விளைந்தாலும் அரை மூட்டைதான், அதனால் பாதித் தண்டம் போதும் என்று காளைக்காரன் சொன்னான். ஊரே சிரித்தது. அதே தண்டத்தைப் போட்டார்கள். அதோடு அவன் எல்லார் முன்னாலும் மண்ணில் குந்தி, என் மாடு மேய்ந்தது என்று தன் வாயால் சொல்ல வேண்டும். சொன்னான். அதற்குப் பிறகுதான் அவனுக்கு வெற்றிலை கொடுத்தார்கள்.

அதைத்தான் சொன்னேன். "மேஞ்ச மாட்டப் பாப்பம் ஐயா. காட்டுக்காரன் யாருன்னு பாக்க மாட்டம்."

"இது மாடு மேயற விஷயம் இல்லையே பெரியவரே" என்றார் இளவயது பாதர். கேலி இல்லை. நிஜமாகவே அவருக்கு அப்படித் தோன்றியது.

கீழே இருக்கிறவர்களிடம் பேசும்போது வாங்க போங்க போட்டுப் பேச நான் கற்றுக்கொண்டிருக்கிறேன். மலையில் எங்களுக்குள் அது கம்மி. அந்த இடத்தில் அது என்னை விட்டுப் போய்விட்டது.

"இல்லதான். மாட்டுக்கே எங்க ஊர்ல இந்த நாயம் இருக்குது. மனுசனுக்கு உன்கிட்ட இல்ல. நா கூலியாத்தான் ஆயிருப்பேன்னு உனக்கு யாரு சொன்னது? புளியமரத்துல ஏறி உக்காரலன்னா நா இன்னா ஆயிருப்பேன்னு உனக்குத் தெரியுமா? எனக்கே தெரியாது. அது தெரியாமப் போச்சு பாரு, அதான் என் நட்டம். அதுக்கு எந்த வரிசை?"

வக்கீலம்மா என் கையைத் தொட்டார், நிறுத்தச் சொல்லியா சொல்லச் சொல்லியா என்று தெரியவில்லை. நான் நிறுத்தவில்லை.

"இன்னொண்ணு. அந்தப் பேர்ல ரெண்டு புள்ளைங்க இருந்தாங்க. எங்கண்ணன் ஒருத்தன், நா ஒருத்தன். ஒரு கையெழுத்துல ரெண்டு பேரையும் சுருட்டப் பாக்கற. அன்னிக்குக் கணக்குப்பிள்ளைக்கு வித்தியாசம் தெரியல. உனக்குமா தெரியல?"

டாக்டரம்மா மெதுவாகக் கேட்டார்: "அண்ணனுக்கும் நடந்ததுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஓடையையும் வயிற்று வலியையும் சொன்னேன். அவர் எழுதவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டார். நீதிபதி, இறந்தவர் சொன்னதாக இன்னொருவர் சொல்வது சாட்சி ஆகாது என்றார். அப்போது வாத்தியார் எழுந்தான். வகுப்பில் நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்றான்.

"சார், நா பாத்தேன். தழும்பு இருந்த பையனக் கூப்பிட்டதையும் பாத்தேன். தழும்பு இல்லாத பையனக் கூப்பிட்டதையும் பாத்தேன். ரெண்டு பேர்தான் சார்."

"எழுது" என்றேன் நான். "ரெண்டா எழுது. அப்புறம் வரிசையப் பேசலாம்."

எழுதவில்லை. விதியில் இடம் இல்லை, தலைமைக்குத் தெரிவிக்கிறோம் என்றார்கள். நீட்டிய தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை. அதில் கடைசியில், இனிமேல் எந்தக் கோரிக்கையும் இல்லை, யாரிடமும் பேசவும் மாட்டேன் என்று ஒரு வரி இருந்ததை வக்கீலம்மா காட்டினார். அது ஒன்றுக்காகவே இதை இங்கே எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் வேண்டாம் என்று நான் எங்கும் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொன்னால்தான் யோக்கியன் என்று சிலபேர் நினைக்கிறார்கள். டீக்கடையில் ஒருவன் என்னிடமே கேட்டான், "இந்த வயசுல அசிங்கத்த வித்துக் காசு பாக்கறியா?" என்று. "அசிங்கம் பண்ணவன் வெக்கப்படட்டும். நா இன்னாத்துக்கு வெக்கப்படணும்? நீ டீக்குக் காசு குடுத்துட்டுப் போ" என்றேன். என் கூரை ஒழுகுகிறது. பணம் வந்தால் ஷீட் போடுவேன். அண்ணிக்குக் கண் ஆபரேஷன் இருக்கிறது. எங்களுக்கு வர வேண்டியதுதான் அது, தர்மம் இல்லை.

வெறுங்கையோடு வந்ததைக் கேட்டு என் வீட்டுக்காரி நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். "ரெண்டா எழுதச் சொன்னது சரி" என்றாள். "ஆனா அடுத்த மழைக்கு நீதான் மேல ஏறி அடைக்கணும். என்ன ஏத்தாத."

இப்போது இரண்டு படிவம் போடுகிறேன். ஒன்று என் பெயரில். வருமான இழப்பு என்கிற கட்டத்தில் 'தெரியாது, உங்களுக்கும் தெரியாது' என்று எழுதுகிறேன். இன்னொன்று அண்ணன் பெயரில், அண்ணியின் கைநாட்டோடு. வாத்தியாரின் சாட்சியம் இரண்டிலும் தனித்தனியாக. தன் பங்கை வாங்கியவன், வாங்கிய மறுநாளே வந்து எழுதிக் கொடுத்தான். முதல் தடவை அண்ணனுடையதை மட்டும் திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் தடவை இரண்டையும் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் தடவை, இரண்டும் ஒரே நபரைப் பற்றியவை என்பதால் ஒன்றை மட்டும் அனுப்பவும் என்று கடிதம் வந்தது. அதைப் படித்துக் காட்டியதும் அண்ணி சொன்னதை இங்கே எழுத முடியாது. நல்ல வார்த்தை அது, ஆனால் அச்சில் வராது.

வக்கீலம்மா மேல்முறையீடு என்கிறார். போடட்டும். நான் என் வழியில் போகிறேன். போன வாரம் நாலாவது தடவையாக மலை இறங்கினேன். தபாலாபீஸ் பெண் என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"இன்னா தாத்தா, மறுபடியுமா? ரெண்டும் ஒரே அட்ரஸ்தானே, ஒரே கவர்ல போட்டா காசு கம்மி ஆவும் இல்ல?"

"வாணாம்மா. தனித்தனியாப் போடு. ரெண்டுக்கும் அட்டை வெச்சிப் போடு."

அட்டை என்றால், தபால் சேர்ந்ததும் வாங்கியவர் கையெழுத்தோடு அனுப்பியவருக்குத் திரும்பி வருகிற அட்டை. திருப்பி அனுப்புவதாக இருந்தாலும் முதலில் அவர்கள் வாங்கியாக வேண்டும். இன்றைக்குக் காலை வெள்ளிமலை பஸ்ஸில் இரண்டு அட்டையும் வந்து சேர்ந்தன. ஒன்றில் அனுப்புநர் என்று என் பெயர். ஒன்றில் என் அண்ணன் பெயர், மனைவி வழியாக. இரண்டின் கீழும் அந்த அலுவலகத்தின் முத்திரை, யாரோ ஒருவருடைய கையெழுத்து. முந்தின மூன்று ஜோடிகளோடு சேர்த்து ஆணியில் குத்தி வைத்திருக்கிறேன்.

ஒரே ஆள் என்று எழுதுகிறவர்கள், ஒவ்வொரு தடவையும் இரண்டு கையெழுத்துப் போட்டுத்தான் எங்களை வாங்குகிறார்கள்.